பிளாஷ் விளக்கும் தூரத்தின் கணக்கும்



சில ஆண்டுகளுக்கு முன் அம்பத்தூரில் எங்கள் குடும்பத்துத் திருமணம் ஒன்றில் படமெடுக்கும் பொறுப்பை நான் ஏற்றேன். காமிராவின் மேல் பிளாஷைப் பொருத்தி, குழந்தைகள் அமர்ந்திருந்த முன்வரிசைக்கு 2 மீட்டர் தூரத்தில் நின்றேன். கடைசி வரிசை 4 மீட்டரில் இருந்தது. படத்தில் குழந்தைகளின் முகங்கள் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தன. கடைசி வரிசையில் நின்ற என் தமக்கையாரோ இருளில் மறைந்துபோனார். அதன்பின் அவரைப் படமெடுக்க வாய்ப்பே நேரவில்லை. பள்ளியில் பௌதிகம் கற்பித்தவன் செய்த பிழை இது!

தூரத்தின் வர்க்கத்திற்கு எதிர்விகிதத்தில் ஒளி குறையும் என்று கெப்ளர் 1604ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். தூரம் இருமடங்கானால் ஒளி கால்பங்கு.

இதனை எளிதாக்கவே ஒவ்வொரு பிளாஷுக்கும் ஒரு வழிகாட்டி எண் உண்டு. ஐ.எஸ்.ஓ. 100 உணர்திறனில் அது 32 என்று கொள்வோம். பிளாஷிலிருந்து ஆள் நிற்கும் தூரம் 4 மீட்டரானால், 32ஐ 4ஆல் வகுக்க, லென்ஸின் துவார எண் 8 என்று கிடைக்கும். பிளாஷின் திறனைக் கால்பங்காக்கினால் வழிகாட்டி எண் பாதியாகும். 1955இல் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடிய காலத்தில், ஒருமுறை எரிந்ததும் எறிந்துவிட வேண்டிய பிளாஷ் பல்புகளே பெருவழக்கு. கணக்குத் தவறினால் பல்பும் போயிற்று, படமும் போயிற்று!

ஷட்டரின் வேலை வேறு. இக்கால மின்னணு பிளாஷ் பெரும்பாலும் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் மின்னி மறைகிறது. ஷட்டர் 1/60 விநாடி திறந்திருந்தாலும் 1/125 விநாடி திறந்திருந்தாலும் பிளாஷ் தரும் ஒளி ஒன்றே. மண்டபத்து விளக்கொளிதான் கூடும், குறையும். துவாரமோ இரண்டு ஒளிக்கும் பொது. திரை ஷட்டருள்ள காமிராக்கள் பலவற்றில் ஏறத்தாழ 1/200 விநாடியைவிட விரைவாக ஷட்டரை ஓட்டினால், முதல் திரை முழுதும் விலகுமுன்பே இரண்டாம் திரை மூடத் தொடங்கிவிடும். படத்தின் ஓரத்தில் கரும்பட்டை விழும்.

அன்று நான் 4 மீட்டர் பின்னே சென்றிருந்தால் வரிசைகள் 6, 8 மீட்டரில் அமைந்திருக்கும். ஒளியின் வேறுபாடு நான்கு மடங்கிலிருந்து இருமடங்குக்கும் கீழே இறங்கியிருக்கும். நடுவிலுள்ள 7 மீட்டருக்குத் துவார எண் 4.5 போதும்.

சென்ற ஆண்டு பூவிருந்தவல்லியில் பேரனின் காதுகுத்து நடந்தது. சுவரோடு சுவராக முதுகை ஒட்டிக்கொண்டு எடுத்தேன். கடைசி வரிசையில் தமக்கையாரின் மகள் நன்றாகவே விழுந்திருக்கிறாள். தாயின் முகச்சாயல் அப்படியே தெரிகிறது.