முதல் மோட்டார் சைக்கிள்: பிள்ளை கேட்கும் 150ஆ, வீட்டுக்குக் கட்டுப்படியாகும் 110ஆ?

பி2 உரிமம் கைக்கு வந்த வாரமே வீட்டில் பேச்சு தொடங்கிவிடும். பிள்ளை கேட்பது பெரும்பாலும் யமாஹா ஒய்15. அப்பா சொல்வது ஹோண்டா இஎக்ஸ்5 அல்லது வேவ். 16 வயதில் எடுக்கக்கூடிய பி2 உரிமம் 250 சிசி வரை ஓட்ட அனுமதிப்பதால், சட்டப்படி இருவர் சொல்வதும் சரிதான்.

நம் கருத்து அப்பாவின் பக்கம். ஆனால், "சின்ன வண்டி மெதுவாகப் போகும்" என்ற அவருடைய காரணத்தை ஏற்க முடியாது. 110 சிசி கப்சாயும் மணிக்கு 90, 100 கிலோமீட்டரைத் தொடும். உயிர் போக அந்த வேகமே போதும். நாட்டில் சாலை விபத்தில் இறப்போரில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். அதில் பெரும்பகுதி இந்த வகைச் சிறிய வண்டிகள்தாம்.

உண்மையான காரணம் பழக்கம். பயிற்சிப் பள்ளியில் பெரும்பாலோர் கற்றுக்கொள்வது கைக் கிளட்ச் இல்லாத கப்சாயில். ஒய்15இல் கிளட்ச் இடது கையில். கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் தடத்தை நினைத்துப் பாருங்கள். 1970களில் போடத் தொடங்கிய தடம் அது. குறுகலானது, பாலத்துக்கு அடியில் திடீரென வளையும், மாலை மழையில் தண்ணீர் தேங்கும், மழைக்கு ஒதுங்கியவர்கள் அங்கேயே நின்றுகொண்டிருப்பார்கள். புதியவரின் கவனம் முழுவதும் சாலையில் இருக்க வேண்டிய இடத்தில், பாதிக் கவனம் கிளட்சிலும் கியரிலும் போகக் கூடாது. முதல் சில வாரம் ஞாயிறு காலையில் அந்தத் தடத்தில் ஓட்டிப் பழகிவிட்டு, பிறகு வேலை நேர நெரிசலில் இறங்கட்டும்.

கப்சாய்களிலும் வேறுபாடு உண்டு. இஎக்ஸ்5 எந்தத் தோட்டத்துப் பட்டறையிலும் பழுது பார்க்கக்கூடிய வண்டி, உதிரி பாகமும் மலிவு. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் டிரம் பிரேக். நெடுஞ்சாலையில் தினமும் போக வேண்டியவர், முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள வண்டியைப் பார்ப்பது நல்லது. பிரிக்ஃபீல்ட்ஸ் போன்ற இடத்தில் நின்று நின்று போகிறவருக்கு கியர் இல்லாத ஸ்கூட்டர் இன்னும் சுலபம்.

இனி பணம். இங்கேதான் நம் குடும்பங்கள் அதிகம் அடிபடுகின்றன. கடைக்காரர் மாதத் தவணையை மட்டும் சொல்வார். "மாதம் 225 ரிங்கிட்தானே" என்று தோன்றும். 9,000 ரிங்கிட் கடனை அப்படி 5 ஆண்டு கட்டினால் மொத்தம் 13,500 ரிங்கிட். கையெழுத்துப் போடுமுன், கட்டி முடிக்கும்போது மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள்.

பிள்ளைக்குச் சம்பளச் சீட்டு இல்லையென்றால் வண்டி அம்மா பெயரில் வாங்கப்படும். சம்மன் அம்மா பெயருக்கு வரும். தவணை தவறினால் கடன் பதிவிலும் அம்மா பெயர்தான் கெடும். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போதுதான் அது தெரியவரும்.

ஒய்15 திருடர்களுக்கும் பிடித்த வண்டி. அடுக்குமாடியின் கீழே திறந்த வெளியில் நிறுத்துகிறீர்கள் என்றால் இதை யோசிக்க வேண்டும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் எடுத்திருந்தால் திருட்டுக்கு ஒரு சென் கிடைக்காது. வண்டி போய்விடும், தவணை மட்டும் மிஞ்சும். சாலை வரியும் 150 சிசியைத் தாண்டினால்தான் கைக்குத் தெரிகிற அளவுக்கு ஏறுகிறது.

கடனே வேண்டாம் என்று பழைய வண்டி பார்ப்பவர்கள், தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போங்கள். எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் கிராண்டில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஏதோ மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, மெல்லிய டயர், சத்தம் போடும் எக்ஸாஸ்ட் இருந்தால், அவற்றை மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். எக்ஸாஸ்ட்டை அப்படியே விட்டால் அடுத்த சாலைத் தடுப்பிலேயே சம்மன் வரும்.

கையில் உள்ள முழுப் பணத்தையும் வண்டிக்கே போட்டுவிட வேண்டாம். சிரிம் முத்திரை உள்ள, தலைக்கு இறுகப் பொருந்தும் தலைக்கவசத்துக்கும் மழைச் சட்டைக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள். பழைய வண்டியென்றால் மீதிப் பணத்தை ஜேபிஜே முகப்பில் பெயர் மாற்றம் முடிந்த பிறகே கொடுங்கள். விற்பவர் "பிறகு மாற்றிக்கலாம் தம்பி" என்றால், அந்த வண்டியை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.