இரவில் வீட்டை நனைக்கும் நாய்! கம்பை எடுக்காதீர்கள், காரணத்தைப் பாருங்கள்!

நல்ல நாய். நாலு வருஷமாக வீட்டுக்குள் ஒரு சொட்டு சிந்தியதில்லை. அவசரம் என்றால் வாசல் கதவருகே போய் நிற்கும், முனகும். கதவைத் திறந்தால் வெளியே ஓடும். வேலையை முடித்துக்கொண்டு திரும்பி வரும்.

அந்த நாய் ஒரு நாள் நள்ளிரவில் கூடத்தின் நடுவே சிறுநீர் கழித்துவிடுகிறது. மறுநாளும் அப்படியே! மூன்றாம் நாள் வீட்டுக்காரர் கம்பை எடுக்கிறார். "எல்லாம் கொழுப்பு!" என்கிறார்.

நாய் வளர்க்கும் பல வீடுகளில் நடப்பதுதான் இது.

ஆனால், நன்றாகப் பழகிய நாய் திடீரென்று பழக்கம் தவறினால், அதற்கு ஏதோ ஒரு காரணம் இருக்கும். உடம்பில் இருக்கலாம், வீட்டில் இருக்கலாம். வாய் பேசாத பிராணி தன் கஷ்டத்தைச் சொல்லும் வழி அது.

தரையில் கிடந்த உண்மை

இதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு.

1889-ம் ஆண்டு. ஸ்ட்ராஸ்பர்க் நகரம். இன்று அது பிரான்ஸ் நாட்டில் இருக்கிறது. அன்று ஜெர்மனியின் வசம் இருந்தது. அங்கே மின்கோவ்ஸ்கி, மெரிங் என்று இரண்டு டாக்டர்கள் இருந்தார்கள். இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்று ஒரு சுரப்பி இருக்கிறது அல்லவா? அது இல்லாமல் ஒரு பிராணி உயிர் வாழ முடியுமா என்று அவர்கள் அறிய விரும்பினார்கள். மின்கோவ்ஸ்கி ஒரு நாய்க்கு ஆபரேஷன் செய்து, கணையத்தை அகற்றினார். நாய் பிழைத்துக்கொண்டது.

அது நன்றாகப் பழக்கப்பட்ட நாய். ஆனால், ஆபரேஷனுக்குப் பிறகு ஆராய்ச்சிசாலைத் தரையை ஓயாமல் நனைத்தது. நாயைச் சரியாக வெளியே கூட்டிப் போவதில்லை என்று வேலையாளை மின்கோவ்ஸ்கி கடிந்துகொண்டார்.

"கூட்டிப் போகிறேன் ஐயா! வெளியே போய்விட்டு வந்த உடனேயே மறுபடியும் போகிறது" என்றார் வேலையாள்.

டாக்டருக்குச் சந்தேகம் தட்டியது. தரையில் கிடந்த சிறுநீரை எடுத்துச் சோதித்தார். அதில் ஏராளமான சர்க்கரை! கணையம் போனால் நீரிழிவு வரும் என்ற உண்மை அப்படித்தான் வெளிப்பட்டது.

அந்த வழியே போய்த்தான் 1921-ல் கனடாவின் டொரண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்ற இருவரும் இன்சுலினைக் கண்டார்கள். 1922 ஜனவரியில், நீரிழிவால் சாகக் கிடந்த 14 வயதுச் சிறுவன் ஒருவன் அந்த மருந்தினால் பிழைத்தான்.

வேலையாளைத் திட்டியதோடு அந்த டாக்டர் நின்றிருந்தால்?

என்னென்ன காரணம்?

முதல் காரணம், சிறுநீர்ப் பாதையில் கிருமி. இது பெண் நாய்க்கு அதிகம் வரும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி போகும், முக்கும், அந்த இடத்தை நக்கிக்கொண்டே இருக்கும். சில சமயம் ரத்தம் கலந்திருக்கும். சிறுநீர்ப்பையில் கல் இருந்தாலும் இதே அடையாளங்கள்தான்.

இரண்டாவது, அதிகத் தாகம். நீரிழிவிலும், சிறுநீரகக் கோளாறிலும் நாய் தண்ணீரை மொண்டு மொண்டு குடிக்கும். குடித்த தண்ணீர் வெளியே போகத்தானே வேண்டும்? விடியும்வரை அதனால் தாங்க முடியாது.

மூன்றாவது, தூக்கத்தில் கசிவது. படுத்த சாக்கு நனைந்திருக்கும். நாய்க்கே அது தெரியாது. கருத்தடை ஆபரேஷன் செய்த பெண் நாய்கள் சிலவற்றுக்குச் சிறுநீரை அடக்கும் தசை தளர்ந்துவிடும். இதற்கு மருந்து இருக்கிறது.

நான்காவது, முதுமை. கிழட்டு நாய்க்கு மூட்டுவலி இருந்தால் படி இறங்கப் பயப்படும். மூளை தளர்ந்தால் பகலில் தூங்கும், இரவில் அலையும், பழகிய கதவே அதற்கு மறந்துபோகும்.

அரிப்புக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தும் தாகத்தை உண்டாக்கும். அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. டாக்டரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் ஏற்படும் மாறுதலும் காரணமாகலாம். புது வீடு, புதுக் குழந்தை, பட்டாசுச் சத்தம், நேரம் தவறிய சாப்பாடு இவற்றில் எதுவும் நாயைக் கலக்கிவிடும். சிறுநீருக்குப் பதில் மலம் கழித்தால், குடல் பூச்சியோ ஒத்துக்கொள்ளாத தீனியோ இருக்கலாம்.

உடனே ஓடுங்கள்!

இரண்டு அடையாளங்களைக் கண்டால் தாமதமே கூடாது.

நாய் முக்கி முக்கி நின்றும் ஒரு சொட்டுகூட வரவில்லையா? சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். இரவானாலும் டாக்டரிடம் தூக்கிச் செல்லுங்கள்.

கருத்தடை செய்யாத பெண் நாய், சினைப்பருவம் முடிந்த சில வாரங்களில் சோர்ந்து படுத்து, தீனியை வெறுத்து, தண்ணீரை மட்டும் நிறையக் குடிக்கிறதா? கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். அது உயிரைக் குடிக்கும் வியாதி. அன்றைக்கே காட்டியாக வேண்டும்.

தண்ணீரை அளப்பது எப்படி?

வியாதியை அறிய ஒரு சுலப வழி உண்டு. காலையில் ஒரே பாத்திரத்தில் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். வேறு எங்கும் நாய் குடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பகலில் மறுபடி ஊற்றினால் அதையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை மீதியை அளந்து, மொத்தத்தில் கழித்துவிடுங்கள்.

ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 100 மில்லிக்கு மேல் குடித்தால் அது அதிகம். அதாவது, 10 கிலோ நாய் ஒரு லிட்டருக்கு மேல் குடித்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். போகும்போது அன்று காலையில் பிடித்த சிறுநீரைச் சுத்தமான, உலர்ந்த குப்பியில் கொண்டு போங்கள். நாய் குந்தும்போது தட்டையான பாத்திரத்தைக் கீழே நீட்டினால் பிடித்துவிடலாம்.

இரவில் நனைக்கிறதே என்று தண்ணீரைப் பிடுங்கி வைக்காதீர்கள்! நோயுள்ள நாய்க்கு அது ஆபத்து.

அடித்தால் என்ன ஆகும்?

எப்போதோ செய்ததற்கு இப்போது அடித்தால் நாய்க்குப் புரியாது. மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்ப்பதும் வீண். எஜமானைக் கண்டால் பயப்பட வேண்டும் என்பதைத்தான் அது கற்றுக்கொள்ளும். பிறகு கட்டிலுக்கு அடியில் ஒளிந்து போகும்!

நனைந்த இடத்தைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். அமோனியா கலந்த திரவம் வேண்டாம். அதன் நெடி சிறுநீர் நெடி போலவே இருப்பதால் நாய் மீண்டும் அங்கேயே வரக்கூடும். வாடை போக்கும் என்சைம் திரவம், பிராணிகளுக்கான கடைகளில் கிடைக்கும்.

படுக்கப் போகும் முன் நாயை வெளியே அழைத்துச் செல்லுங்கள். அது போகிறதா என்று நின்று பாருங்கள். போனதும் தட்டிக்கொடுங்கள். கிழட்டு நாயானால் நடு இரவில் ஒரு முறை எழுப்பி விடுங்கள்.

கம்பை எடுத்த வீட்டுக்காரர், அதற்குப் பதில் அளவுப் பாத்திரத்தை எடுத்திருந்தால்? நாய்க்கு நீரிழிவு என்று தெரிந்திருக்கலாம். தினமும் இன்சுலின் ஊசி போட்டால், நாய் பல நாள் வாழும், கூடமும் உலர்ந்திருக்கும்.

ஸ்ட்ராஸ்பர்க் நாய் தரையை நனைத்ததால் மனிதனுக்கு ஒரு மருந்து கிடைத்தது. இன்று அதே மருந்து நாயையும் காக்கிறது!