உமரி: ஒரு தமிழ்ப்பெயரும் சுவேடா பேரினத்தின் வகைப்பாடும்

திறவுச்சொற்கள்: உமரி, சுவேடா, உவர்நிலத் தாவரங்கள், வகைப்பாட்டியல், கரிசல் வட்டாரம், வழக்குப் பெயர்கள்

முன்னுரை

தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளம் வட்டத்திலுள்ள புதூர், கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலப்பரப்பின் கிழக்குப் பகுதியில் அமைந்த ஊராகும். வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விதைக்கும் மானாவாரி நிலம் அது. அங்கிருந்து தென்கிழக்காக வேம்பாறு, வைப்பாறு கடற்கரையை நோக்கிச் செல்லச்செல்லக் கரிசல் மண் மெல்ல உவர்மண்ணாக மாறுகிறது. பயிர் நின்ற இடத்தில் உப்பளங்களும், அவற்றின் வரப்புகளில் சதைப்பற்றுள்ள சிற்றிலைகளைக் கொண்ட புதர்களும் தோன்றுகின்றன. இப்புதர்களை மக்கள் உமரி என்கின்றனர். ஏரலை அடுத்த உமரிக்காடு என்னும் ஊரின் பெயரிலும் இச்சொல் நிலைபெற்றுள்ளது. தாவரவியலார் இச்செடிகளுள் பெரும்பாலானவற்றைச் சுவேடா என்னும் பேரினத்துள் அடக்குவர். ஆயினும் உமரி என்ற சொல்லின் எல்லையும் சுவேடா என்ற பேரினத்தின் எல்லையும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டைக் கருதாமல் எழுதப்படும் கட்டுரைகளில் ஒரு செடியின் பண்பு மற்றொரு செடியின் மீது ஏற்றப்படுகிறது.

பேரினப் பெயரின் வரலாறு

லின்னேயசின் மாணவரான பீட்டர் போர்சுகால், டென்மார்க் அரசர் அனுப்பிய அரேபியப் பயணக்குழுவில் தாவரவியலாராகச் சென்று, 1763இல் ஏமன் நாட்டில் நோயுற்று இறந்தார். அவருடைய குறிப்புகளை உடன்சென்ற கார்சுடன் நீபூர் 1775இல் பதிப்பித்தார். சுவேடா என்னும் பேரினப் பெயருக்கு இன்று ஏற்கப்படும் வெளியீடு, 1776இல் கிமெலின் வழியாக வந்தது. அரபு மக்கள் இச்செடியை வழங்கிய பெயரையே போர்சுகால் எடுத்துக்கொண்டார். கருமையைக் குறிக்கும் அரபுச் சொல்லோடு அது தொடர்புடையது. இப்பேரினச் செடிகள் பல, உலரும்போது கறுத்துவிடும். தமிழ் வழக்கிலும் இவற்றுள் ஒன்று கருவுமரி எனப்படுகிறது. இரு மொழியினரும் ஒரே பண்பைக் கண்டு பெயரிட்டனர் என்பதற்கு மேல் இவ்வொப்புமைக்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை.

இந்தியச் செடிகள் ஐரோப்பிய நூல்களில் இடம்பெற்றதில் தரங்கம்பாடிக்குப் பங்குண்டு. லின்னேயசிடம் பயின்ற கோனிக் 1768இல் அங்கு வந்தார். அவரைத் தொடர்ந்து ராட்லர், கிளைன் முதலியோர் திரட்டிய உலர்செடிகள் பல, பெர்லினிலிருந்த வில்டெனோவைச் சென்றடைந்தன. வில்டெனோ சால்சோலா பேரினத்துள் வைத்த நூடிபுளோரா என்னும் இனத்தை மோக்கன்-டாண்டன் பின்னர்ச் சுவேடாவுக்கு மாற்றினார்.

குடும்பம் எது?

சுவேடா நெடுங்காலமாகக் கீனோப்போடியேசியே என்னும் குடும்பத்தில் வைக்கப்பட்டது. கீனோப்போடியம் என்ற கிரேக்கவழிப் பெயர் வாத்தின் பாதம் என்று பொருள்படும். சக்கரவர்த்திக் கீரையின் அகன்ற இலையைப் பார்த்தால் பெயரின் பொருத்தம் விளங்கும். உமரியின் இலையில் அவ்வடிவத்தின் சாயல்கூட இல்லை. ஆகவே இக்குடும்ப உறவை இலையில் தேடுவது பயன் தராது. பூவிலும் விதையிலும் தேட வேண்டும். மிகச்சிறிய பசுமையான பூ, ஐந்து இதழ்களாகப் பிரிந்த ஒற்றைப் பூவுறை, ஐந்து மகரந்தத்தாள்கள், ஒரே விதையுடைய மெல்லிய உறைக்கனி ஆகியவை பொதுக்கூறுகள். விதையினுள் கரு கிடக்கும் முறையில் வேறுபாடு தோன்றுகிறது. சக்கரவர்த்திக் கீரையில் கரு வளையமாக விதையின் ஓரத்தைச் சுற்றிக் கிடக்கும். சுவேடாவில் தட்டையான சுருளாகச் சுருண்டிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர்கள் குடும்பத்தையே இவ்வடிப்படையில் வளையக்கருவின, சுருள்கருவின என இரண்டாகப் பகுத்தனர். பின்வந்த மரபணு ஆய்வுகள் அப்பகுப்பை அப்படியே ஏற்கவில்லை. எனினும் சுவேடாவும் அதன் நெருங்கிய உறவுகளும் சுவேடாய்டியே என்னும் தனித் துணைக்குடும்பமாக நிற்கின்றன.

1998இல் வெளிவந்த பூக்கும் தாவரத் தொகுப்பாளர் குழுவின் வகைப்பாடு, கீனோப்போடியேசியேவை அமராந்தேசியேவுடன் இணைத்தது. 2016ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பும் அவ்வாறே கொள்கிறது. இக்குடும்பத்தில் ஆழ்ந்து உழைத்த வல்லுநர் சிலர் இரண்டையும் பிரித்தே எழுதி வருகின்றனர். இணைப்பை ஏற்றால், புதூர்க் காடுகளில் களையெடுக்கும்போது பறிக்கப்படும் தொய்யக்கீரையும் வேம்பாற்று உவர்நிலத்து உமரியும் ஒரே குடும்பத்தின் உறுப்புகளாகின்றன. ஆய்வாளர் எதனைப் பின்பற்றினும், எந்த வகைப்பாட்டைத் தழுவுகிறார் என்பதை ஒரு வரியில் குறிப்பிடுவது போதுமானது. பழைய நூலொன்றிலிருந்து ஒரு குடும்பப் பெயரையும் புதிய தரவுத்தளத்திலிருந்து மற்றொன்றையும் எடுத்து ஒரே பட்டியலில் கலப்பதுதான் குழப்பத்திற்கு இடமளிக்கிறது.

தமிழகக் கரையின் மூன்று இனங்கள்

தமிழகக் கடற்கரையில் பரவலாகக் குறிக்கப்படுபவை மூன்று இனங்கள். சுவேடா மோனாய்க்கா ஆளுயரத்துக்கு மேலும் வளரக்கூடிய புதர். ஆண்பூவும் பெண்பூவும் ஒரே செடியில் தனித்தனியே அமைவதை அதன் சிறப்புப் பெயர் சுட்டுகிறது. கருவுமரி இதுவே. சுவேடா மாரிட்டிமா தாழ்ந்து வளரும் செடி. இலைகள் ஒருபுறம் தட்டையாகவும் மறுபுறம் உருண்டும் இருக்கும். முதிர்ச்சியில் செடி சிவந்துவிடும். உமரிக்கீரை எனக் கடலோர மக்கள் சமைப்பது பெரும்பாலும் இதன் இளந்தளிரே. மூன்றாவதான சுவேடா நூடிபுளோராவில் பூங்கிளையின் இலைகள் மிகவும் சிறுத்துப் பூக்கள் வெறுமையாகத் தோன்றும். இது நரியுமரி எனப்படும். இம்மூன்றாம் இனத்தைச் சுவேடா வெர்மிகுலாட்டாவுள் அடக்குவோரும் உளர்.

நரி என்ற அடைமொழி இங்கு விலங்கைக் குறிக்கவில்லை. நரிப்பயறு, நரிவெங்காயம் ஆகிய பெயர்களைப் போலவே, பயன்படும் செடி ஒன்றை ஒத்திருந்தும் அதற்கு நிகராகாத காட்டினத்தை இது உணர்த்துகிறது. கரு, நரி என்னும் இரண்டு அடைமொழிகளால் மக்கள் பேரினத்துக்குள் இனப்பகுப்பைச் செய்துவிட்டனர் என்றே சொல்ல வேண்டும்.

உவரைத் தாங்கும் முறை

சுவேடாவின் இலையில் உப்பை வெளியேற்றும் சுரப்பிகள் இல்லை. வேர்வழி வரும் சோடியத்தையும் குளோரைடையும் அது இலைச் செல்லின் நடுவிலுள்ள நுண்குமிழியில் அடைத்து வைக்கிறது. நொதிகள் இயங்கும் செல்திரவத்தில் கிளைசின் பீட்டெய்ன் போன்ற கரிமப் பொருள்கள் சேர்ந்து ஊடழுத்தச் சமநிலையைக் காக்கின்றன. இலை தடித்து நீர்ப்பற்றுடன் இருப்பதும், உமரிக்கீரையைச் சமைப்போர் தனியே உப்பிடாததும் இதன் விளைவுகளே.

ஒளிச்சேர்க்கையில் இப்பேரினம் உலகத் தாவரவியலாரின் கவனத்தை ஈர்த்தது. சுவேடா மாரிட்டிமா மூன்று கார்பன் வழியைப் பின்பற்றுகிறது. சுவேடா மோனாய்க்காவோ கரிசலில் விளையும் சோளம், கம்பு போல நான்கு கார்பன் வழியில் இயங்குகிறது. ஆனால் அப்பயிர்களுக்குரிய நரம்புக்கற்றை உறையமைப்பு இதன் இலையில் இல்லை என்பது 1975இல் வெளியிடப்பட்டது. 2001இல் நடுவண் ஆசியாவின் சுவேடா அராலோகாசுபிகாவில் இவ்வழி முழுவதும் ஒரே செல்லுக்குள் நிகழ்வது கண்டறியப்பட்டது. அதுவரை இருவகைச் செல்கள் இன்றியமையாதவை என்றே பாடநூல்கள் கற்பித்து வந்தன. ஆகவே உமரியின் வறட்சி தாங்கும் திறன் பற்றி எழுதுவோர் எந்த உமரி என்று கூறாவிடின் அக்கூற்று பொருளற்றதாகிவிடும்.

ஒரு பெயர், பல செடிகள்

சிக்கல் சுவேடாவோடு நிற்பதில்லை. இலையற்ற கணுக்கணுவான தண்டுகளையுடைய சாலிகார்னியா பிராக்கியாட்டாவும் சில ஊர்களில் உமரி எனப்படுகிறது. பவளப்பூண்டு என்ற பெயரும் அதற்குண்டு. அதனையொத்த மற்றொரு செடி, சாலிகார்னியா இண்டிகா என்று தொடங்கி, ஆர்த்ரோக்னீமம், ஆலோசார்சியா எனப் பெயர் மாறி, 2007 முதல் டெக்டிகார்னியா இண்டிகா எனப்படுகிறது. அகராதியில் உமரிக்கு எதிரே காணும் ஒரு இலத்தீன் பெயரை எடுத்தாளும் ஆய்வாளர், கீரையாக உண்ணப்படும் செடிக்குப் பதிலாக வேறொன்றின் ஊட்டப்பொருள்களைப் பட்டியலிட நேரலாம். உவர்நிலச் செடிகள் மண்ணிலுள்ள உலோகங்களையும் ஈர்ப்பவை ஆதலால் இப்பிழை ஏட்டளவில் நின்றுவிடாது.

களத்தில் வேறுபடுத்துவது கடினமன்று. மாற்றடுக்கில் தனித்தனி இலை இருந்தால் சுவேடா. இலையின்றிக் கணுத்தண்டு மட்டும் இருந்தால் சாலிகார்னியா அல்லது டெக்டிகார்னியா. எதிரடுக்கு இலையும் இளஞ்சிவப்புப் பூவும் இருந்தால் அது வேறு குடும்பத்தைச் சேர்ந்த வங்காரவாசி.

கரிசல் வட்டாரச் சொற்களை அகராதியாகத் தொகுக்கும் பணிக்குக் கி. ராஜநாராயணன் வழிவகுத்தார். செடிப்பெயர்களைப் பொறுத்தவரை அப்பணியைத் தொடர்வோர் சொல்லுடன் செடியையும் திரட்ட வேண்டும். பெயர் சொன்னவரின் ஊர், உண்பதா விறகா என்ற பயன், உலர்செடியின் சேகர எண் ஆகிய மூன்றும் ஒரே பதிவில் அமைய வேண்டும். திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரச் சேகரமும், கோயம்புத்தூரிலுள்ள இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டலச் சேகரமும் ஒப்பிட்டுப் பார்க்க உதவுவன. சுவேடாவை உலர்த்தும்போது இலை சுருங்கிக் கறுத்து வடிவம் இழந்துவிடும். எனவே பூவும் கனியும் உள்ள கிளையைத் தேர்ந்து, பச்சையாக இருக்கும்போதே இலையைக் குறுக்கே வெட்டி அதன் வடிவத்தை வரைந்து, நிறத்தையும் களத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.