ஹோம்ஸ்டே 3,000 ரூபாய்தான், ட்ரிப் ஏன் 30,000 ஆகுது? வால்பாறை போறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

வீக்எண்ட் ட்ரிப் பட்ஜெட் பற்றிப் போட்ட வீடியோவுக்குப் பிறகு நிறைய பேர் கேட்ட கேள்வி இதுதான்: "சார், எஸ்டேட் ஹோம்ஸ்டே ரூம் 3,000-தான். ஆனா திரும்பி வந்து பார்த்தா கார்டு பில் எங்கேயோ போயிருக்கு. எங்க தப்பு பண்றோம்?"

ஹோம்ஸ்டேக்கு யாரும் ரூமுக்குள் உட்கார்ந்திருக்கப் போவதில்லை. நடக்க, அருவி பார்க்க, ஜீப்பில் சுற்றத்தான் போகிறோம். ஆனால் பட்ஜெட் போடும்போது ரூம் வாடகையை மட்டும் போடுகிறோம். தப்பு அங்கேதான். வால்பாறையை உதாரணமா வெச்சுப் பார்க்கலாம்.

முதலில் மொத்தக் கணக்கு

நான்கு நண்பர்கள், இரண்டு ரூம், இரண்டு இரவு. இவை உதாரணத் தொகைகள்தான், உங்கள் எண்களைப் போட்டுக்கோங்க.

- ரூம்: 3,000 × 2 × 2 = ரூ.12,000
- ஜிஎஸ்டி 5%: ரூ.600
- போக வர, பெட்ரோல்: ரூ.6,000
- சாப்பாடு: ரூ.6,000
- ஜீப்: ரூ.3,000
- கேம்ப்ஃபயர், பார்பிக்யூ: ரூ.2,500

மொத்தம் ரூ.30,100. தலைக்கு ரூ.7,525. இதில் ரூம் வாடகை சுமார் 40% மட்டுமே. அதனால் 300 ரூபாய் குறைவான ரூம் தேடி இரண்டு மணி நேரம் போனைத் தடவுவதை விட, "ஆக்டிவிட்டி எல்லாம் எவ்வளவு, யார் நடத்துறாங்க?" என்று ஒரு போன் போட்டுக் கேட்பது லாபம்.

ஜிஎஸ்டியில் கவனிக்க மூன்று விஷயம்

ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு ரூ.7,500 வரை உள்ள ரூமுக்கு 5%. அதற்கு மேல் போனால் 18%. ரூ.7,500 ரூமுக்கு நீங்கள் கட்டுவது ரூ.7,875. ரூ.7,600 ரூமுக்கு ரூ.8,968. வாடகையில் 100 ரூபாய் வித்தியாசம், பில்லில் 1,093 ரூபாய் வித்தியாசம்.

இரண்டு. வருஷத்துக்கு 20 லட்சத்துக்குள் வருமானம் உள்ள சின்ன ஹோம்ஸ்டே பொதுவா ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டியதில்லை. பதிவு இல்லாதவர் வரி வசூலிக்கவும் கூடாது. பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லை, ஆனால் "வரி 5%" என்று ஒரு வரி இருந்தால் கேளுங்க.

மூன்று. அதே சின்ன ஹோம்ஸ்டேயை ஆப் வழியா புக் பண்ணினால், வரியை அந்த ஆப் கட்ட வேண்டும், அதாவது உங்களிடம் வாங்கும். நேரடியா புக் பண்ணினால் அந்த 5% மிச்சம். ஆனால் கேன்சல் பண்ணினால் பணம் திரும்ப வருமா என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கி வெச்சுக்கோங்க.

எல்டிஏ கிளெய்ம் பண்ணலாமா?

பழைய வரி முறையில் இருந்தால் மட்டும். அதுவும் பயணக் கட்டணத்துக்கு மட்டும். ரூம், ஜீப், சாப்பாடு எதுவும் வராது. புது முறையில் இருப்பவர்களுக்கு இந்த விலக்கே கிடையாது. ஹோம்ஸ்டே பில்லை எச்.ஆருக்கு அனுப்பி அவரையும் சிரமப்படுத்த வேண்டாம்.

காசு கொடுக்காமல் என்ன பார்க்கலாம்?

வால்பாறையின் அழகே இதில்தான். பொள்ளாச்சியிலிருந்து ஏறும் மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். 9வது வளைவில் லோம்ஸ் வியூ, கீழே ஆழியாறு அணை முழுசாத் தெரியும். அந்தப் பாறைகளில் வரையாடு நிற்பதை ரோட்டிலிருந்தே பார்க்கலாம். ஊர் பக்கத்தில் புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்கு ரோடு ஓரத்துக்கே வரும். பெரிய இருவாச்சி பறக்கும் சத்தத்தை ஒரு தடவை கேட்டால் மறக்க மாட்டீங்க. நல்லமுடி வியூ பாயிண்ட், சோலையாறு அணை என்று பகலிலேயே இரண்டு நாள் நிறைஞ்சிடும். குரங்குக்கு மட்டும் எதையும் சாப்பிடக் கொடுக்காதீங்க.

இ-பாஸ் மறக்காதீங்க. நீலகிரி, கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் இருப்பது போல, வால்பாறைக்கும் 2025 நவம்பர் 1 முதல் வந்துவிட்டது. இலவசம்தான். அதுக்குக் காசு கேட்கும் ஏஜென்டுக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லும் செலவு

"நைட் சஃபாரி சார், தலைக்கு 800, யானை கேரண்டி." இப்படி யாராவது சொன்னால் எழுந்து வந்துடுங்க. வால்பாறையைச் சுற்றி இருப்பது ஆனைமலை புலிகள் காப்பகம். அனுமதி இல்லாமல் காட்டுக்குள் நுழைவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 3 வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். கேஸ் டிரைவரோடு நிற்காது, வண்டியில் உட்கார்ந்திருக்கும் உங்கள் மேலும் வரும். பாஸ்போர்ட்டுக்கோ புது வேலைக்கோ போலீஸ் வெரிஃபிகேஷன் வரும்போதுதான் அந்த 800 ரூபாயின் உண்மையான விலை தெரியும்.

"ஃப்ரீ ட்ரெக்கிங்" என்பதும் அப்படித்தான். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் ட்ரெக்கிங் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உங்களைப் போல வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இளைஞர்கள் அதில் பலர். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் ட்ரெக்கிங் விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை ஆன்லைன் புக்கிங்கோடு திறந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். நடக்கணும்னா அங்கே கட்டணம் கட்டிப் போங்க. அந்தப் பணத்தைச் செலவாகப் பார்க்காதீங்க.

தேயிலைத் தோட்டத்தில் இருட்டிய பிறகு நடக்காதீங்க. சிறுத்தையும் யானையும் அங்கே நிஜம். யானை நடமாட்டத்தைத் தெரிவிக்க குறுஞ்செய்தியும் சிவப்பு விளக்கும் வைத்திருக்கும் ஊர் அது. அந்த விளக்கு எரிந்தால் போட்டோ எடுக்கப் போகாமல் உள்ளே இருங்க. ஆறும் அப்படித்தான். 2023 அக்டோபரில் சோலையாறு எஸ்டேட் பக்கம் ஆற்றில் இறங்கிய ஐந்து கல்லூரி மாணவர்கள் திரும்பி வரவில்லை. தண்ணீர் அமைதியாத் தெரிந்தாலும், உள்ளூர்க்காரர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

இன்ஷூரன்ஸ் கை கொடுக்குமா?

ஹெல்த் பாலிசியில் "சாகச விளையாட்டு" விலக்கு என்று ஒரு வரி இருக்கும். பயப்பட வேண்டாம். ஸ்டாண்டர்ட் வாசகப்படி, அதைத் தொழிலாகச் செய்பவருக்குத்தான் அந்த விலக்கு. சுற்றுலா போன இடத்தில் வழுக்கி விழுந்து கால் உடைந்தால் அந்த வரியைக் காட்டி மறுக்க முடியாது. ஆனால் தனிநபர் விபத்து பாலிசியின் வாசகம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதைத் தனியாப் படிங்க. குடித்துவிட்டு விழுந்தால் கிளெய்ம் சிக்கலாகும்.

இன்னொன்று. பொள்ளாச்சிக்கு சுமார் 65 கிலோமீட்டர் மலைப்பாதை இறங்க வேண்டும். கேஷ்லெஸ் மருத்துவமனை பொள்ளாச்சியிலோ கோயம்புத்தூரிலோ எது என்று கிளம்பும் முன்பே பார்த்து, பாலிசி எண்ணோடு நான்கு பேர் போனிலும் சேமிச்சு வையுங்க. மலையில் சிக்னல் இல்லாதபோது தேட முடியாது.

கடைசியா ஒரு கணக்கு

மேலே போட்ட பட்டியலில் ஜீப்பையும் கேம்ப்ஃபயரையும் எடுத்துடுங்க. ரூ.5,500 குறையும், தலைக்கு ரூ.6,150 ஆகும். மிச்சமான ரூ.1,375-இல் ஒரு பகுதியை வனத்துறை ட்ரெக்கிங்குக்குக் கொடுங்க. மீதியை எஸ்ஐபியில் போடுங்க என்று நான் சொல்லுவேன்னு எதிர்பார்த்திருப்பீங்க. இந்தத் தடவை வேண்டாம். உங்களுக்குச் சமைத்துப் போட்ட அந்த ஹோம்ஸ்டே அக்கா கையில் கொடுத்துட்டு வாங்க.

நல்லபடியா போயிட்டு வாங்க. அடுத்த வீடியோவில் சந்திப்போம்.