தறி வீட்டுக்கு வெல்டர் வருகிறாரா... முதலில் பாவைக் காப்பாற்றுங்கள்!

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்தப் பட்டை நெய்கிற வீட்டின் கிரில் கேட் கீல் விட்டுப் போனால், தெருமுனை வெல்டிங் பட்டறைக்குத்தான் ஓட வேண்டும். ஆரணியிலும், பக்கத்தில் தேவிகாபுரம், முனுகப்பட்டு, ஒண்ணுபுரம் போன்ற ஊர்களிலும் பல வீடுகளில் தறி இருப்பது கூடத்திலேயேதான். ஜன்னல் கம்பி, படிக்கட்டுக் கைப்பிடி, தண்ணீர் டேங்க் ஸ்டாண்டு என்று எதற்கு வெல்டரைக் கூப்பிட்டாலும், நாலடி தள்ளிப் பாவு ஏறிய தறி நிற்கும்.

வெல்டிங், கிரைண்டிங் பொறி 35 அடி வரை பறக்கும் என்பது பெரிய தொழிற்சாலைகளில் வைத்திருக்கும் பாதுகாப்புக் கணக்கு. நம் வீட்டுக் கூடம் அத்தனை நீளம் இருக்குமா என்ன?

பட்டு நூல் பஞ்சு போலக் குபீரென்று பற்றிக்கொள்ளாது. ஆனால், கடுகளவு பொறி விழுந்தாலே இழைகள் கருகி அறுந்துவிடும். தறியைச் சுற்றி இருப்பவை அதைவிட மோசம். ஜக்கார்டு அட்டை, விழுது, நைலான் கயிறு, மரச் சட்டம் எல்லாமே நெருப்புக்குத் தோதானவை. குழித்தறியாக இருந்தால் இன்னொரு ஆபத்து உண்டு. மிதி இருக்கும் குழிக்குள் கழிவு நூலும் தூசியும் சேர்ந்து கிடக்கும். அதற்குள் விழுந்த பொறி உடனே தெரியாது. வெல்டர் மெஷினைக் கட்டிக்கொண்டு போன பிறகு, மெல்லப் புகைய ஆரம்பிக்கும்.

மூன்று, நான்கு சேலைக்கான பாவு ஒரே நேரத்தில் தறியில் இருக்கும். கூலிக்கு நெய்பவர்கள் வீட்டில் அந்தப் பட்டும் ஜரிகையும் முதலாளியுடையதோ, சங்கத்துடையதோதான். கருகினால் பதில் சொல்ல வேண்டியவர் நெசவாளி. ஆகவே, கழற்ற முடிந்த எதையும் கழற்றிப் பட்டறைக்கே கொண்டு போய்விடுங்கள். ஆட்டோ வாடகை போனால் போகட்டும்.

கழற்றவே முடியாத வேலை என்றால், பாவு முடிந்து அடுத்த பாவு ஏற்றும் இடைவெளியில் வெல்டரை வரச் சொல்லுங்கள். அவசரம், காத்திருக்க முடியாது என்றால் தறிக்கும் வேலை நடக்கும் இடத்துக்கும் நடுவில் தகரத்தை நிறுத்தி மறையுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாய் உதவாது, உருகி ஒட்டிக்கொள்ளும். குழியைச் சுத்தமாகப் பெருக்கிவிட்டு, அதன் மேலும் தகரம் போட்டு மூடுங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு வாளி மணல். வேலை முடிந்தபின் ஒரு மணி நேரமாவது வீட்டில் ஒருவர் அங்கேயே இருந்து பார்க்க வேண்டும்.

தறியில் எலெக்ட்ரானிக் ஜக்கார்டு இருக்கிறதா? வெல்டிங் தொடங்கும் முன் அதன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். எர்த் கிளாம்பை எங்கே மாட்டுகிறார் என்றும் பாருங்கள். பற்ற வைக்கிற இரும்பிலேயே, அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். வசதிக்காகத் தறிச் சட்டத்திலோ தண்ணீர்க் குழாயிலோ மாட்டினால், போகக் கூடாத வழியில் எல்லாம் கரன்ட் போகும்.

தறியின் இரும்புப் பாகமே உடைந்துவிட்டால் கதை வேறு. விசைத்தறியின் பல்சக்கரம், பழைய இயந்திரங்களின் கை போன்றவை பெரும்பாலும் வார்ப்பிரும்பு. கேட்டுக்குப் போடும் சாதாரண ராடை அதில் போட்டால், ஆறும்போதே ஒட்டுக்குப் பக்கத்தில் விரிசல் விடும். வார்ப்பிரும்புக்கு நிக்கல் ராடு வேண்டும். இல்லாவிட்டால் கேஸில் பித்தளை ஒட்டு. முடிந்ததும் தண்ணீர் ஊற்றாமல், சாம்பலிலோ உலர்ந்த மணலிலோ புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். என்ன இரும்பு என்று கண்டுபிடிக்க, கிரைண்டரில் லேசாக உரசிப் பார்ப்பார்கள். பொறி நீளமாக, மஞ்சளாகப் பறந்தால் சாதா இரும்பு. குட்டையாக, மங்கிய சிவப்பில் வந்தால் வார்ப்பிரும்பு. பாகத்தைக் கையில் வாங்கியதும் இந்தச் சோதனையைச் செய்கிற வெல்டரை விட்டுவிடாதீர்கள். ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிப்பு ஓராண்டுதான். சான்றிதழ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் அவர் நாலைந்து வருடம் முன்பு செய்த கேட் ஒன்றைப் போய்ப் பார்த்தாலே போதும்.

இனி பணம். சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான். கேட், கிரில் வேலைக்குச் சிலர் கிலோ கணக்கில் ரேட் சொல்வார்கள், சிலர் சதுர அடி கணக்கில். கிலோ என்றால் எடை கூடக் கூட அவருக்கு லாபம். சதுர அடி என்றால் இரும்பு மெலிய மெலிய அவருக்கு லாபம். ஒரு அங்குல ஸ்கொயர் பைப் 20 அடி நீளம் எடுத்துக்கொள்ளுங்கள். 16 கேஜில் அது ஏழு கிலோவுக்குச் சற்று மேல் வரும்; 18 கேஜில் ஐந்தரை கிலோதான். பெயின்ட் அடித்துவிட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. "பாத்துப் போட்டுக் குடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு வந்தால், எந்த கேஜில் போடுவது என்பது அவர் இஷ்டம்.

பைப் அளவு, கேஜ், பூட்டும் கீலும் யார் செலவு, வீட்டில் வந்து பொருத்தும் கூலி சேர்ந்ததா, ரெட் ஆக்சைடு எத்தனை கோட் என்று ஒரு தாளில் எழுதி, போட்டோ எடுத்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். நல்ல வெல்டர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கிலோ ரேட் என்றால் எடை போடும்போது நீங்களும் இருங்கள். பெயின்டுக்கு முன்னால் ஒருமுறை போய் ஒவ்வொரு ஒட்டையும் பாருங்கள். மேலே படிந்த கசடைத் தட்டி எடுத்திருக்க வேண்டும். நாலு மூலையில் பொட்டு வைத்த மாதிரி இல்லாமல் முழு நீளத்துக்கும் ஒட்டு ஓடியிருக்க வேண்டும். அரைகுறை ஒட்டின் இடுக்கில் மழைத்தண்ணீர் இறங்கினால், துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

வெல்டிங் நடக்கும்போது குழந்தைகளை உள்ளே அனுப்பிவிடுங்கள். அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் ராத்திரி படுத்த பிறகு, கண்ணில் மணல் கொட்டியது போல உறுத்தும், நீர் கொட்டும். பாட்டிகள் உருளைக்கிழங்குத் துண்டு வைப்பார்கள், தாய்ப்பால் விடச் சொல்வார்கள். இரண்டும் வேண்டாம். கண்ணைக் கசக்காமல் ஈரத்துணியை மூடிய இமை மேல் வைத்து, காலையில் கண் டாக்டரிடம் காட்டுங்கள். பொதுவாக ஓரிரு நாளில் சரியாகிவிடும்.