பரிசோதனை நிபந்தனைகளுக்கு நிலையான எண்

இயந்திரப் பகுதியொன்றின் வரைபடத்தில், பரிசோதிக்க வேண்டியவை எத்தனை என்பது பார்த்த அளவில் புலப்படுவதில்லை. விட்டம், நீளம், துளையின் இருப்பிடம், மேற்பரப்பின் வழவழப்பு ஆகிய ஒவ்வொன்றும் தனி நிபந்தனையாகும். ஓரத்தில் சிறிய எழுத்தில் அமைந்த குறிப்பும் நிபந்தனையே. கண்ணுக்குத் தப்புவது பெரும்பாலும் அதுதான். ஆகவே, ஒவ்வொன்றின் அருகிலும் வட்டமிட்டு எண் இடுவது தொழிற்சாலை வழக்கம். பட்டறையினர் இதனைப் 'பலூன்' எண் என்பர். விமானத் தொழிலுக்கென 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஏ.எஸ். 9102 என்னும் தரநிர்ணயம், முதற் பகுதியைச் சோதிக்கையில் ஒவ்வொரு நிபந்தனைக்கும் தனியெண்ணும் அளந்து கண்ட விடையும் பதிவாதல் வேண்டும் என விதிக்கிறது.

வரைபடம் திருத்தப்படும்போதே இடர் தோன்றுகிறது. பேரிங் பொருந்தும் தண்டு ஒன்றில் 7-ஆம் எண், 25 மி.மீ. விட்டத்தைக் குறிப்பதாகக் கொள்வோம். எச்-6 என்னும் வரம்பின்படி அது 24.987 முதல் 25.000 மி.மீ. வரை இருக்கலாம், இடைவெளி 13 மைக்ரான் மட்டுமே. எனவே, 7-ஐ ஒவ்வொரு தண்டிலும், 8-ஐப் பத்துக்கு ஒன்றிலும் அளக்குமாறு சோதனைத் திட்டம் கூறுகிறது. பின்னர்ப் புதிய துளையொன்று சேர்க்கப்பட, எண்கள் வரிசையாக மீண்டும் இடப்படுகின்றன. துளையின் ஆழம் 7 ஆகிறது. விட்டம் 8 ஆகிறது. திட்டமோ திருத்தப்படவில்லை. முக்கியமற்ற ஆழம் ஒவ்வொரு தண்டிலும் அளக்கப்பட, விட்டம் பிழைத்த தண்டுகள் பத்துக்கு ஒன்பது வீதம் அளக்கப்படாமலே வெளியேறுகின்றன. அளந்தவர் ஏட்டில் எழுதியவை யாவும் உண்மையே!

இதற்கு மாற்று எளியது. ஒருமுறை இட்ட எண்ணை வேறொன்றுக்கு வழங்கலாகாது. நீக்கப்பட்ட நிபந்தனையின் எண் அதனுடனேயே ஓய்வு பெறும். புதியதற்கு இதுவரை பயன்படாத எண்ணே உரியது. வரிசை அழகு கெடினும் கெடுக.

கணிப்பொறி வழி நடைபெறும் உற்பத்தியில் இக்கொள்கை மேலும் விரிந்துள்ளது. 2020-ஆம் ஆண்டின் ஐ.எஸ்.ஓ. 23952 தரநிர்ணயம், 128 பிட் நீளமுள்ள அடையாள எண்ணைக் கொண்டு வடிவமைப்பு, சோதனைத் திட்டம், அளவீட்டு முடிவு ஆகியவற்றைப் பிணைக்க வழி செய்கிறது. 32 குறிகள் கொண்ட அவ்வெண்ணை மனிதர் வாசித்து ஒப்பிடுதல் அரிது; பட்டறைத் தாளில் வட்டமிட்ட சிற்றெண் இன்றும் தேவைப்படுகிறது.

தொழிற்பயிற்சி ஆசிரியர்கள், மாணவரைக் கொண்டு ஒரு வரைபடத்துக்கு எண்ணிடச் செய்து, மறுவாரம் ஓர் அளவை நீக்கி, இரண்டைச் சேர்த்துத் தரலாம். பழைய ஏட்டின் எந்த வரி இன்னும் செல்லும் என்பதை மாணவரே கண்டு கூறுதல் வேண்டும்.