படம் இருக்கிறதா?

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் ஒரு முழ உயரத்தில் அம்பாள் உற்சவர் இருந்தாள். நான் ரயில்வேயில் சேர்ந்து வடக்கே வந்த சில வருடங்களில் களவு போனாள். புகார் கொடுக்கப் போன சித்தப்பாவிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "படம் இருக்கிறதா?" இல்லை. உயரம், எடை குறித்த நோட்டு? அதுவும் இல்லை. தண்டவாளம், ஸ்லீப்பர், மண்வெட்டி என்று வருடா வருடம் எண்ணிக் கணக்கெழுதிய எனக்கு வெட்கமாகிவிட்டது. (ஒரு மண்வெட்டி குறைந்தால் எங்களைச் சும்மா விடுவார்களா!)

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர் அதிர்ஷ்டசாலி. சோழர் காலத்துச் செப்புத் திருமேனி. 2006-ல் கடத்தப்பட்டு, நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர் வழியாக 2008-ல் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்குப் போனார். விலை 50 லட்சம் அமெரிக்க டாலர்! நமது தொல்பொருள் சட்டம் வந்தது 1972-ல். அதற்கு முன்பே சிலை நாட்டை விட்டுப் போனதாகப் பொய்க் காகிதம் தயாராக இருந்தது. அந்தப் பொய்யை உடைத்தது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் என்றோ எடுத்து வைத்திருந்த புகைப்படம். 2014 செப்டம்பரில் பிரதமர் டோனி அபட் டெல்லிக்கே வந்து ஒப்படைத்தார். 2021-ல் அதே கலைக்கூடம் மேலும் 14 பொருட்களைத் தருவதாக அறிவித்தது. வேறொரு கோயில் வழக்கில் கபூருக்கு 2022-ல் கும்பகோணத்தில் 10 ஆண்டு சிறை.

நடராஜர் ஊர் போய்ச் சேர்ந்தாரா என்றால், இல்லை. கும்பகோணம் சிலைப் பாதுகாப்பு மையத்தில் வைத்தார்கள். அங்கே கண்ணாடி, இங்கே பூட்டு. "நாங்கள் நன்றாகத்தானே பார்த்துக்கொண்டோம்?" என்று மியூசியக்காரர்கள் கேட்கலாம். பார்சல் ஆபீசில் பத்திரமாக இருந்தது என்பதற்காகப் பார்சல் அவர்களுடையதாகிவிடுமா?

மியூசியங்கள் காலியாகிவிடும் என்ற பயமும் வேண்டாம். சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் மெழுகுக் கட்டி வார்க்கிறார்கள். அவர்களிடம் புதிதாக வாங்கி, வார்க்கும் விதத்தையும் விளக்கி வைக்கட்டும். பழையவை ஒவ்வொன்றின் பக்கத்திலும் யாரிடமிருந்து, எந்த வருடம் வந்தது என்று எழுதி வைக்கட்டும். எழுதக் கூசினால் அது யாருடையது என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

போன கோடையில் ஊருக்குப் போனபோது, குருக்களிடம் கேட்டுக்கொண்டு, மிச்சமிருக்கும் மூன்று விக்கிரகங்களையும் நாலு பக்கமும் படமெடுத்தேன். நாடா பிடித்து அளவு சொன்னவர் அவர். சோமாஸ்கந்தர் பீடத்தில் ஒரு சின்ன வெட்டு, அதையும் எடுத்துக்கொண்டேன். மூன்று பிரதி போட்டு, ஒன்று கோயிலில், ஒன்று தர்மகர்த்தாவிடம், ஒன்று என் பீரோவில்.

"அம்பாள் இருந்தப்பவே வந்திருக்கக் கூடாதா?" என்றார் குருக்கள்.